குளித்துவிட்டு வெளியே வா: நோத்ர தாம் தீக்குப் பிறகு ஈய இடிபாட்டை அகற்றிய நிகழ்வு

2019 ஏப்ரல் 15ஆம் தேதி மாலை பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தில் தீப்பிடித்தது. அணைக்கப் பதினைந்து மணி நேரம் பிடித்தது. உள்ளே கிடந்ததை அள்ளி, பிரித்து, கட்டடத்தை ஆபத்தில்லாமல் நிறுத்தவே இரண்டு வருடத்துக்கு மேல் போனது. இந்த ஆய்வு அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது. தீ எப்படிப் பிடித்தது என்பதற்குள் நான் போகவில்லை. அது இன்னும் உறுதியாகவில்லை.

பொறுப்பில் இருந்தவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன். எந்த முடிவு எந்த வரிசையில் எடுக்கப்பட்டது என்பதுதான் இதே மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

பின்னணி

பேராலயத்தின் கூரைக்குள் இருந்தது முழுக்க ஓக் மரச்சட்டம், பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மரம் அவ்வளவு அடர்த்தியாக இருந்ததால் அதற்குக் ‘காடு’ என்றே பெயர். மரத்துக்கு மேல் ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈயத் தகடுகள், மொத்தம் 1,326, எடை 210 டன். 1859இல் கட்டி முடித்த ஊசிக்கோபுரத்தைப் போர்த்தியிருந்த ஈயம் இன்னொரு 250 டன்.

ஈயம் என்றதும் நம் வீட்டு ஈயச் சொம்பு ஞாபகத்துக்கு வரும். அது வெள்ளீயம், அதில் ரசம் வைத்தால் மணம்தான் கூடும். இங்கே பேசுவது காரீயம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது தமிழின் பழக்கம், ஆனால் உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல. காரீயம் உடம்புக்குள் போனால் எலும்பில் தங்கி மெல்ல மெல்ல ரத்தத்தில் கலக்கும். வளரும் குழந்தையின் மூளையைத்தான் முதலில் பாதிக்கும். இதற்குப் பிறகு ஈயம் என்று நான் சொல்வதெல்லாம் காரீயத்தைத்தான்.

தீ நடந்தபோது ஊசிக்கோபுரத்தில் பழுதுபார்க்கும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. அதற்காகக் கோபுரத்தைச் சுற்றி இரும்புக் குழாய்ச் சாரம் கட்டியிருந்தார்கள், சுமார் 40,000 உறுப்புகள் கொண்டது. இந்தச் சாரம் பின்னால் பெரிய தலைவலியாகப் போகிறது.

தீ விட்டுப்போனவை

இரவு எட்டு மணிக்குச் சற்று முன் ஊசிக்கோபுரம் சாய்ந்தது. விழுந்த வேகத்தில் கல் வளைவுக் கூரையை உடைத்துக்கொண்டு தரைக்கு வந்தது. மறுநாள் உள்ளே பார்த்தவர்கள் கண்டது: வளைவுக் கூரையில் மூன்று பெரிய ஓட்டைகள், அவற்றுக்கு நேர் கீழே கரிக்கட்டை, உடைந்த கல், வளைந்த இரும்பு, உருகி உறைந்த ஈயம் எல்லாம் கலந்த குவியல்கள். வளைவுகளின் மேற்புறத்திலும் அதே கலவை கிடந்தது. அதற்கும் மேலே, எரிந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன சாரம் அந்தரத்தில் நின்றது.

ஈயம் 327 டிகிரியில் உருகும். எரியும் ஓக் காட்டின் வெப்பம் அதைவிட மிக அதிகம். அதனால் தகடுகள் உருகி வடிந்தன. ஆவியாக 1,749 டிகிரி வேண்டும் என்பதால் பெரும்பகுதி கட்டடத்துக்குள்ளேயே கட்டியாகவும் சொட்டாகவும் தங்கிவிட்டது. ஒரு சிறு பங்கு ஆக்சைடாக மாறி நுண்தூசியாகப் புகையோடு போனது. அன்று மாலை எழுந்த புகையில் மஞ்சள் நிறம் தெரிந்ததற்கு அதுதான் காரணம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

நானூறு டன்னுக்கு மேல் ஈயம் என்று கேட்டதும் எல்லோரும் அந்த எடையைத்தான் பார்த்தார்கள். உறைந்த கட்டியால் பெரிய ஆபத்தில்லை. கையுறை போட்டுத் தூக்கி வைத்துவிடலாம். ஆபத்து தூசியில் இருக்கிறது. அது செருப்படியில் ஒட்டும், முடியில் தங்கும், சாப்பிடும் கையில் இருக்கும், மாலையில் வீட்டுக்கு வந்து குழந்தை தவழும் தரையில் உதிரும். கண்ணுக்குத் தெரியாத கிராம் கணக்குதான் இந்த வேலை முழுவதையும் நடத்தியது.

முதல் நூறு நாள்

முதல் வாரங்களில் பொறுப்பாளர்களின் மனதில் இருந்தது ஒரே கேள்வி: கட்டடம் நிற்குமா? கூரையின் எடை போய்விட்டது. வளைவுகள் நனைந்து, வெந்து, பாதி உடைந்திருந்தன. பலமான காற்றடித்தால் சுவரே போகலாம் என்ற பயம் இருந்தது. ஆகவே எடுத்த முடிவுகள் இவை: திறந்த கூரைக்கு மேல் தார்ப்பாய் போடுவது, வெளிப்புறத் தாங்கு வளைவுகளுக்கு அடியில் மரத்தால் முட்டுக் கொடுப்பது (நம் ஊரில் சென்ட்ரிங் அடிப்பது என்போமே, அதன் ராட்சத வடிவம், தாங்கு வளைவுக்கு ஒன்றாக 28), சுவர் அசைகிறதா என்று பார்க்க உணர்கருவிகள் பொருத்துவது, வளைவுக்குக் கீழே ஆள் போகாமல் தொலைவிலிருந்து இயக்கும் இயந்திரங்களால் குவியலை அள்ளுவது.

ஒவ்வொன்றும் சரியான முடிவுதான். வளைவுக்கு அடியில் ஆளை அனுப்பாதது மிகச் சரி. ஆனால் இந்தப் பட்டியலில் ஈயம் எங்கே? முகக்கவசம், மேலுடை பற்றிய விதிகள் இருந்தன. அவை தளத்தில் எல்லா நேரமும் கடைப்பிடிக்கப்படவில்லை. வெளியே வருகிறவர்கள் குளித்து உடை மாற்றிப் போவதற்கான வசதியும் போதுமானதாக இல்லை. தொழிலாளர் ஆய்வு அதிகாரிகள் இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

சுற்றுப்புற மக்களுக்கு ஏப்ரல் இறுதியில் ஒரு அறிவிப்பு வந்தது: வீட்டிலும் பொருள்களிலும் தூசி படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைக்கவும், சந்தேகம் இருந்தால் மருத்துவரைப் பார்க்கவும். ஆலோசனையில் தவறில்லை. உலர்ந்த துடைப்பம் தூசியைக் கிளப்பும், ஈரத்துணி பிடித்துக்கொள்ளும். ஆனால் யார் வீட்டில் எவ்வளவு என்ற அளவு அந்த அறிவிப்போடு வரவில்லை. ஜூனில், பேராலயம் நிற்கும் தீவிலேயே வசிக்கும் ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் எல்லையைத் தாண்டியிருப்பது தெரிந்தது. பிரான்ஸில் குழந்தைகளுக்கு அந்த எல்லை லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். அந்த ஈயம் தீயிலிருந்து மட்டும்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாரிஸின் பழைய வீடுகளில் பெயின்டிலும் பால்கனித் தகட்டிலும் ஈயம் ஏற்கெனவே உண்டு. அதன் பிறகுதான் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படி அழைப்பு வந்தது. தீ அணைந்து ஏழு வாரம் ஓடியிருந்தது.

வேலை நிறுத்தப்பட்ட நாள்

ஜூலை 25, தீக்குப் பின் 101ஆம் நாள். பாரிஸ் பிராந்தியத்தின் அரசு நிர்வாகத் தலைவர் தளத்தின் வேலையை நிறுத்தினார். காரணம், மாசு வெளியே போகாமல் தடுக்கும் ஏற்பாடு போதாது என்ற தொழிலாளர் ஆய்வுத் துறையின் அறிக்கை. அதே நாளில் ஆறாம் வட்டாரத்தில், கோடை விடுமுறை முகாம் நடந்துகொண்டிருந்த இரண்டு பள்ளி வளாகங்கள் முற்றத்தில் ஈய அளவு கூடுதலாக இருந்ததால் மூடப்பட்டன. மறுநாள் ஒரு சூழலியல் அமைப்பு புகார் கொடுத்தது.

இதில் ஒரு விசித்திரமான பொருத்தம். அதே ஜூலை 25ஆம் தேதிதான் பாரிஸ் தன் வரலாற்றிலேயே அதிகமான வெப்பத்தைக் கண்டது, 42.6 டிகிரி. நம்மவர்களுக்கு அது சாதாரண அக்னி நட்சத்திரம். ஆனால் நனைந்திருந்த பழைய சுண்ணாம்புக் காரை அந்த வெயிலில் சடாரென்று காய்ந்தால் கற்கள் பிடி விடும் என்று தலைமைக் கட்டடக் கலைஞர் பயந்தார். பயம் பொய்யாகவில்லை. வேலை நின்றிருந்த நாள்களில் வளைவிலிருந்து மறுபடி கற்கள் விழுந்தன.

ஆக, வேலையை நிறுத்தியதற்கும் ஒரு விலை இருந்தது. நிறுத்தாமல் இருந்திருந்தால் அந்த விலையைத் தொழிலாளர்களும் அவர்கள் வீட்டாரும் கொடுத்திருப்பார்கள். என் பார்வையில் நிறுத்தியது சரி. ஏப்ரலில் அமைத்திருக்க வேண்டியதை ஜூலையில் அமைக்க வேண்டிவந்ததுதான் தவறு. கிரேனோடு ஒப்பிட்டால் குளியலறைக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

கோடு போட்டது

மூன்றரை வாரம் கழித்து, ஆகஸ்ட் 19ஆம் தேதி வேலை மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட நாள்களில் செய்ததைச் சுருக்கமாகச் சொன்னால், தளத்தை அழுக்குப் பகுதி, சுத்தப் பகுதி என்று பிரித்து நடுவில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டைக் கடக்க ஒரே வழி குளியலறை.

உள்ளே போகிறவர் தன் உடை முழுவதையும், உள்ளாடை உட்பட, சுத்தப் பக்கத்தில் கழற்றி வைக்க வேண்டும். அந்தப் பக்கம் போய் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உள்ளாடை, மேலுடை, காலணி, காற்றை வடிகட்டித் தரும் மோட்டார் முகக்கவசம் எல்லாம் அணிய வேண்டும். அந்தக் கவசத்தோடு தொடர்ந்து வேலை செய்ய அதிகபட்சம் 150 நிமிடம். முடிந்ததும் உடையை அழுக்குப் பக்கத்திலேயே கழித்துப்போட்டு, தலையோடு குளித்து, அப்புறம்தான் சுத்தப் பக்கம் வரலாம். சாப்பாட்டுக்கு வந்தாலும் இதேதான். சிறுநீர் கழிக்க வந்தாலும் இதேதான். ஒரே நாளில் பல முறை குளித்தார்கள். பார்வையாளர்களுக்கும் விலக்கில்லை.

இதனால் கையில் கருவி பிடிக்கும் நேரம் வெகுவாகக் குறைந்தது. எரிச்சலும் இருந்தது, தினமும் இத்தனை முறை தலை குளித்தால் யாருக்கும் இருக்கும். ஆனாலும் இந்த ஏற்பாடு நின்றதற்குக் காரணம் அது ஆளின் ஞாபகத்தை நம்பவில்லை என்பதுதான். ‘முகக்கவசம் போடுங்கள்’ என்ற பலகை மனிதனின் கவனத்தை நம்புகிறது. குளியலறை வழியாக மட்டும் வாசல் என்றால் மறக்க வழியில்லை.

ரத்தப் பரிசோதனையும் தொடர்ந்து நடந்தது. பிரான்ஸில் அப்போது தொழிலாளருக்கான எல்லை ஆணுக்கு லிட்டருக்கு 400 மைக்ரோகிராம், பெண்ணுக்கு 300. குழந்தையின் 50ஐ இதோடு வைத்துப் பாருங்கள். தனக்கு எல்லைக்குள் இருக்கும் ஒருவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோகும் தூசி குழந்தைக்கு எல்லை மீறியதாக இருக்கலாம். கோடு எதற்கு என்பது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

தெருவில் செய்தது

வெளியே, ஆகஸ்ட் நடுவில், பேராலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களை அடைத்துவிட்டு இரண்டு முறைகளில் சுத்தம் செய்தார்கள். தரையில் சலவைப் பொருள் கலந்த நீரை அதிக அழுத்தத்தில் அடித்து, அந்த நீர் ஓடிப்போகாமல் உடனே உறிஞ்சி எடுப்பது ஒன்று. விளக்குக் கம்பம், இருக்கை போன்றவற்றின் மேல் பசை மாதிரி ஒரு பொருளைத் தடவி, சில நாள் காயவிட்டு, தூசியோடு சேர்த்து அகற்றுவது இன்னொன்று. முன் முற்றம் 2020 மே 31ஆம் தேதிதான் மக்களுக்குத் திறந்தது.

2020 ஜூலையில் வெளியான ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வு, மரத்தடிகளிலும் பூங்காக்களிலும் எடுத்த மண்ணை அளந்து, ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் சுமார் ஒரு டன் ஈயம் படிந்திருக்கும் என்று கணக்கிட்டது. கூரையிலும் ஊசிக்கோபுரத்திலும் இருந்ததோடு ஒப்பிட்டால் அது கால் சதவீதம்கூட இல்லை.

குப்பை என்று சொல்லாதது

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான், ஆபத்தான கழிவைப் பற்றி நம் பழக்கத்துக்கு நேர் எதிரானதும் இதுதான். ஈயம் தோய்ந்த இடிபாட்டை வாரி லாரியில் ஏற்றிப் புதைகுழிக்கு அனுப்புவதுதான் வேகமான வழி, செலவும் குறைவு. தொல்லியலாளர்களும் நினைவுச்சின்ன ஆய்வுக்கூடத்தினரும் அதைத் தடுத்தார்கள். ஆராயும் வரை எதுவும் கழிவு இல்லை என்று முடிவானது.

குவியல்களை மேலிருந்து படம் பிடித்து, எந்தத் துண்டு எங்கே விழுந்தது என்று பதிவு செய்தபடி இயந்திரம் அடுக்கடுக்காக எடுத்தது. எடுத்தவை முன் முற்றத்தில் போட்ட கூடாரங்களுக்கு வந்தன. அங்கே மரம், கல், இரும்பு, ஈயம் என்று பிரித்து, எண் போட்டார்கள். பிரித்தவர்கள் அணிந்ததும் அதே வெள்ளை உடை, அதே முகக்கவசம். பிறகு பாரிஸுக்கு வடக்கே ஒரு கிடங்கில் சேர்த்தார்கள்.

கரிக்கட்டையைப் பாதுகாப்பது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கரியின் வளையங்களிலிருந்து மரம் வெட்டிய காலத்தைக் கணக்கிட முடிந்தது. கற்களைப் பிணைத்திருந்த இரும்புக் கவ்விகளை ஆராய்ந்து 2023இல் வெளியான கட்டுரை, 1160களிலிருந்தே கட்டுமானம் முழுவதும் இரும்பைத் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தார்கள் என்று காட்டியது. கூரை எரியாமல் இருந்திருந்தால் பல கவ்விகள் கண்ணிலேயே பட்டிருக்காது.

இதில் ஒரு நடைமுறை லாபமும் உண்டு. துண்டு துண்டாகப் பிரித்தவர்கள் அவசரப்படவில்லை. அவசரப்படாததால் தூசியும் அதிகம் கிளம்பவில்லை.

சாரத்தை இறக்கியது

எரிந்த சாரத்தில் இரும்பு 200 டன், அதில் பாதி நாற்பது மீட்டருக்கு மேல் உயரத்தில் நின்றது. குழாய்கள் வெப்பத்தில் நெளிந்து ஒன்றையொன்று பிடித்திருந்தன. ஒன்றை எடுத்தால் எது சாயும் என்று கணக்குப் போட வழியில்லை. சாய்ந்தால் மிச்சமுள்ள வளைவும் போகும்.

முதலில் சாரத்தை மூன்று மட்டங்களில் இரும்பு உத்தரங்களால் சுற்றிக் கட்டி நிறுத்தினார்கள். 2019 டிசம்பரில் எண்பது மீட்டர் கிரேன் வந்தது. பழைய சாரத்தின் இரு பக்கமும் புதுச் சாரம் எழுப்பினார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. ஏப்ரல் இறுதியில் படிப்படியாகத் திரும்பினார்கள். ஜூன் 8ஆம் தேதி அறுக்கும் வேலை ஆரம்பித்தது. கயிற்றில் தொங்கி வேலை செய்பவர்கள் மேலிருந்து இறங்கி, மின் வாளால் குழாயை ஒவ்வொன்றாக வெட்ட, கிரேன் தூக்கியது. வெட்டியவர்களுக்கும் அதே முகக்கவசம், அதே 150 நிமிடக் கணக்கு. நவம்பர் 24ஆம் தேதி கடைசித் துண்டு இறங்கியது. சாரம் விழவில்லை.

சுவரும் இசைக்கருவியும்

குவியலை அகற்றுவது பாதி வேலைதான். நுண்தூசி 42,000 சதுர மீட்டர் உட்சுவரிலும் ஓவியங்களிலும் படிந்திருந்தது. தீயில் தப்பிய பெரிய ஆர்கன் இசைக்கருவியின் 8,000 குழல்களுக்குள்ளும் புகுந்திருந்தது. குழல்களை 2020 ஆகஸ்ட் தொடங்கி டிசம்பர் வரை கழற்றி வெளியே கொண்டுபோனார்கள், அதன் பிறகு துடைத்தார்கள்.

சுவரில் முதலில் நுண்வடிகட்டி உள்ள உறிஞ்சு கருவி. பிறகு ரப்பர் பாலில் செய்த குழம்பைப் பூசி, சில நாள் காயவிட்டு, தோல் உரிப்பதுபோல உரித்தார்கள். தூசியும் பழைய மெழுகுப் புகைக் கறையும் அதோடு வந்துவிட்டன. தண்ணீரை அடித்துக் கழுவியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் ஈயம் கரைந்த நீர் கல்லுக்குள் இறங்கியிருக்கும், மிச்சம் சாக்கடைக்குப் போயிருக்கும். தெருவிலும் சுவரிலும் ஒரே யோசனைதான் தெரிகிறது: தூசியை எதிலாவது பிடிக்க வை, பிடித்ததைக் கையால் எடு.

முடிவு

கட்டடத்தை நிலைப்படுத்தும் கட்டம் 2021இல் முடிந்தது. பேராலயம் 2024 டிசம்பர் 7ஆம் தேதி திறந்தது. சுவரின் வெளிர் நிறத்தைப் பார்த்து இது பழைய கோயில்தானா என்று கேட்டவர்கள் உண்டு. கூரைக்கு மறுபடியும் ஈயத் தகடே போட்டார்கள், உடல்நலக் காரணம் சொல்லி எதிர்த்தவர்களையும் மீறி. புதிய மரச்சட்டத்துக்குள் நீர்த்திவலை தெளிக்கும் தீயணைப்பு ஏற்பாடு இருக்கிறது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

கட்டடம் விழுமா என்ற கவலையும் ஈயம் பற்றிய கவலையும் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவை முதல் நாளே பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். முட்டுக் கொடுக்கப் போகும் முதல் ஆளும் அந்தத் தூசியில்தான் நடக்கிறார். முதல் கிரேனுக்கு முன் முதல் குளியலறை வந்திருக்க வேண்டும், அது ஒரு வாடகைக் கன்டெய்னரில் இருந்தாலும் சரி.

வேலையை நிறுத்தும் அதிகாரம் கட்டடத்தைக் காப்பாற்றும் பொறுப்பில் இல்லாத ஒருவரிடம் இருந்தது நல்லதாயிற்று. தளத்தில் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு நாளும் அவசரமாகவே தெரிந்தது. அந்த அதிகாரி இன்னும் முன்னால் உள்ளே வந்திருந்தால் மூன்றரை வார நிறுத்தம் தேவைப்பட்டிருக்காது.

மக்களுக்கு ஈரத்துணி ஆலோசனையோடு எண்களும் போயிருக்க வேண்டும். எந்தத் தெரு, எவ்வளவு, எல்லை எவ்வளவு என்று முதல் வாரமே வரைபடம் போட்டிருந்தால், ஜூலையில் பள்ளி மூடியபோது எழுந்த கோபம் பாதியாகக் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. தெருவில் அளந்த ஈயத்தில் எவ்வளவு இந்தத் தீயிலிருந்து வந்தது, எவ்வளவு பாரிஸின் பழைய ஈயம் என்ற சண்டை வருடக்கணக்கில் ஓடியது. தீக்கு முந்தைய அளவு பெரும்பாலான இடங்களுக்கு இல்லை. ஈயக் கூரை உள்ள கட்டடத்தைச் சுற்றி, எதுவும் எரியாத ஒரு சாதாரண நாளில், இருபது முப்பது இடங்களில் தூசியும் மண்ணும் எடுத்து அளந்து வைப்பது பெரிய வேலையில்லை. புதிய கூரையும் ஈயம்தான் என்பதால் அந்தக் கணக்கை நோத்ர தாமைச் சுற்றி இப்போதே எடுத்து வைக்கலாம்.